முதலில் ஏறும் தெரு

பொற்கொடி பல்லடத்துக்குத் தெற்கே ஒரு தறிக்குடோனில் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுக்கிறாள். கணவன் கௌதமன் அதே குடோனில் தறி ஓட்டுகிறான். ஒரே மகள், யுவஸ்ரீ. பொற்கொடி பக்கத்து ஊரில் பிறந்து இந்த ஊருக்கு வாழ வந்தவள். இரண்டு ஊருக்கும் நான்தான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தேன். ஊசி போட்டால் அழாத குழந்தை என்று பொற்கொடியைப் பற்றி எழுத ஆசைதான். எல்லாக் குழந்தைகளையும் போலத்தான் அவளும் கத்தினாள்.

அவள் தைரியமும் பிறவியில் வந்ததல்ல. தேவைப்பட்டபோது வந்தது. அந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

அவர்கள் இருக்கும் தெருவை ஊரார் காலனி என்பார்கள். பெயர்ப்பலகையில் வேறு பெயர் எழுதியாகிவிட்டது. பேச்சில் இன்னும் மாறவில்லை. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் முதலில் வருவது இந்தத் தெரு. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ஊர். ஊருக்குள் ஒரு பிள்ளையார் கோயில், அதன் எதிரே பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி.

தனியார் பள்ளி வேன் தினமும் காலையில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வரும். காலனி முனையில் நிற்காமல் தாண்டிப் போகும். ஊருக்குள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஹாரன் அடித்து நின்று பிள்ளைகளை ஏற்றும். கடைசியாகக் கோயில் பஸ் ஸ்டாப்புக்கு வரும். காலனிப் பிள்ளைகள் ஏழு பேர் நடந்து வந்து அங்கே நிற்பார்கள். ஜன்னல் சீட்டெல்லாம் நிறைந்திருக்கும். பின்னால் ஸ்டெப்னி டயர்மேல் போட்ட பலகையில் உட்கார்ந்து போவார்கள்.

ஏன் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில் தயாராக இருந்தது. காலனிக்குள் வேன் திரும்ப இடமில்லை. ஊரார் சொன்னார்கள், டிரைவர் சொன்னார். நாளடைவில் காலனிக்காரர்களே அதைத்தான் சொன்னார்கள். நானும் பல வருஷம் அந்தத் தெருவுக்குப் போய் வந்தவள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

யுவஸ்ரீ அங்கன்வாடியை முடித்து ஒன்றாம் வகுப்புக்குப் போகவேண்டிய வருஷம் வந்தது. கௌதமன் அந்தத் தனியார் பள்ளி என்று முடிவே செய்துவிட்டான். பொற்கொடிக்கும் அதில் மறுப்பில்லை. ஒரு சந்தேகம்தான்.

"புள்ள கோயில் வரைக்கும் நடந்து போயி, எல்லாரும் ஏறுனதுக்கப்பறம் டயர் மேல உக்காந்து போகோணுமாங்க?" என்று கேட்டாள்.

"என்ன பண்றது புள்ள? நம்ம தெருவுல வேன் திரும்பாது."

"தண்ணி லாரி வருதுங்க. கேஸ் வண்டி வருது. போன மாசம் சீர் கொண்டுட்டு டெம்போ வந்துச்சு. அதெல்லாம் பறந்தா போச்சு?"

"அதெல்லாம் ரிவர்ஸ்ல போயிரும்" என்றான் கௌதமன்.

மறுநாள் பொற்கொடி வேன் டிரைவர் வெள்ளியங்கிரியைப் பஸ் ஸ்டாப்பில் பிடித்தாள். அவர் வயசானவர், வாய் நல்ல வாய்.

"ஏனுங்கண்ணா, எங்க தெருவுக்குள்ள வேன் வராதுங்களா?"

"வரலாமுங் அம்மணி. திருப்ப முடியாதுங். முக்குல பாத்தீங்கன்னா ரெண்டு கொடிக்கம்பம் மேடையோட நிக்குது. பெரிய வேனு, இடிச்சுப்போடும்."

அவர் சொன்னது பொய்யல்ல. தெரு முனையில் இரண்டு கட்சிக் கொடிக்கம்பங்கள் சிமெண்ட் மேடை கட்டி நின்றன. ஒன்று கௌதமன் கட்சி. அவன் அதில் கிளைத் துணைச் செயலாளர். மற்றது அவன் பங்காளி எழிலின் கட்சி. எழில் அதில் கிளைச் செயலாளர். இந்தத் துணை என்ற சொல் கௌதமனுக்கு எப்போதும் உறுத்தும்.

பொற்கொடி அன்று மாலையே இருவரையும் குழாயடியில் நிறுத்திப் பேசினாள். எழிலின் மகன் யஷ்வந்த்தும் அந்த வேனில்தான் போகிறான்.

"கம்பத்தை நாலு முழம் தள்ளி வெச்சீங்கன்னா வேன் திரும்பீரும்" என்றாள்.

"எங்க கம்பம் முப்பது வருசமா நிக்குதுங்க" என்றான் எழில். "தலைவரு வந்து ஏத்துனது."

"தலைவரு பொறந்த ஊருக்கே பைபாஸ் போட்டுட்டாங்களாம். கம்பம் நகர்றதுல என்ன?"

"சரி, அவனை மொதல்ல எடுக்கச் சொல்லுங்க. நான் எடுக்கறேன்."

"நான் எதுக்குடா மொதல்ல எடுக்கோணும்?" என்று கௌதமன் எகிறினான். "நான் எடுத்ததும் நீ அங்கயே பெரிசாக் கட்டிக்குவே."

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கடப்பாரையப் போடுங்க" என்றாள் கிளாடிஸ். அவள் பொற்கொடி வீட்டுக்கு எதிர்வீடு, திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். "ஊட்டுக்காரங்களுக்குச் சோறு போடறதா வேண்டாமான்னு அதுக்கப்பறம் பாத்துக்கலாம்."

கடப்பாரை போடுவதில் சம்மதம் வந்தது. அடுத்த சண்டை, புது இடத்தில் யார் வலது பக்கம் என்று. வலது பக்கம் பெரியதாம். இரண்டு பேரும் வலது பக்கம்தான் வேண்டும் என்றார்கள். ஒரு நாள் முழுக்க இது ஓடியது. கடைசியில் பொற்கொடி, தெருவுக்குள் வரும்போது பார்த்தால் ஒருவருக்கு வலது, தெருவை விட்டுப் போகும்போது பார்த்தால் மற்றவருக்கு வலது என்று இரண்டு கம்பத்தையும் எதிரெதிரே நிறுத்தச் சொன்னாள். இரண்டு பேரும் ஜெயித்த மாதிரி வீட்டுக்குப் போனார்கள். உயரம் சமமாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனாரைக் கூட்டி வந்து நூல் பிடித்தார்கள். இவர்கள் நூல் வேலை செய்கிறவர்கள்தான், ஆனால் ஒருவர் பிடித்த நூலை மற்றவர் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முனை சுத்தமானது. கௌதமன் தண்ணீர் லாரிக்காரரைக் கூப்பிட்டு, முன்பக்கமாக உள்ளே வரச்சொல்லி, முன்பக்கமாகவே திருப்பி வெளியே அனுப்பிக் காட்டினான். தெருவே கைதட்டியது.

திங்கட்கிழமை வேன் வந்தது. காலனி முனையைத் தாண்டிப் போனது.

செவ்வாயும் அப்படியே போனது. புதன்கிழமை பொற்கொடி மறுபடியும் பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். வெள்ளியங்கிரி அவளைப் பார்த்ததும் வேனை விட்டு இறங்கி ஓரமாக வந்தார்.

"கண்ணு, உங்கிட்டச் சொல்றதுக்கென்ன. கம்பத்துக்காவ இல்லீங். நீங்க இத்தனை பாடுபட்டு எடுப்பீங்கன்னு நான் நெனைக்கல. உங்க தெரு வழியில மொதல்ல வருது பாருங்க. நான் உள்ள வந்தா உங்க புள்ளைங்க மொதல்ல ஏறிரும். முன்சீட்டுல உக்காந்துக்கும். அப்பறம் ஊருக்குள்ள போனா..."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"யாருங்க சொன்னாங்க?"

"யாரும் சொல்லமாட்டாங்க அம்மணி. ஆபீஸ்ல ஒரு வார்த்தை, 'ரூட்டை மாத்தாதீங்க'ன்னாங்க. அவ்வளவுதான். நான் சம்பளக்காரன்."

அன்று பொற்கொடி வேலைக்குப் போகவில்லை. சின்னக் காய்ச்சல் என்று கௌதமனிடம் சொல்லிவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். காய்ச்சல் இல்லை, நான் தொட்டுப் பார்த்தேன்.

"இத்தனை நாளா நாங்களே சொல்லிட்டிருந்தோமுங்க நர்சம்மா, எடமில்லை எடமில்லைன்னு" என்றாள். அழவில்லை. தனக்குக் கோபம்கூட வந்ததைப் பார்த்து ஆச்சரியப்படுகிறவள் போல இருந்தாள்.

"இப்ப என்ன செய்யப்போற?"

"அந்த ஸ்கூலுக்கே போய்க் கேக்கப்போறேன். வேன் எங்க தெருவுக்கு வந்து மொதல்ல ஏத்துச்சுன்னாத்தான் எம் புள்ள அங்க சேரும். இல்லீன்னா இல்லை."

"அவங்க முடியாதுன்னா?"

"முடியாதுங்கட்டும். அதையும் அவங்க வாயால சொல்லட்டும்."

அவள் தனியாகப் போகவில்லை. அதாவது, போனது தனியாகத்தான். ஆனால் அதற்கு முன்னால் ஏழு பிள்ளைகளின் அம்மாக்களையும் குழாயடியில் பார்த்துப் பேசினாள். மெயின் ரோட்டில் புதிதாக ஒரு பள்ளி திறந்திருந்தது. அவர்கள் வேன் தெருத்தெருவாகப் போய் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தது. காலனிக்குள்ளும் வந்து, திரும்பி, போனது. "இங்க வேன் வரலீன்னா எல்லாரும் அங்க மாத்திக்கறோம்னு சொல்லட்டுங்களா?" என்று கேட்டாள். சிலர் உடனே சரி என்றார்கள். சிலர் வீட்டில் கேட்கவேண்டும் என்றார்கள். கிளாடிஸ்தான் கேட்டுச் சொல்லாதவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் ஆளுக்கு ஒரு வார்த்தை வாங்கி வந்தாள்.

பள்ளித் தாளாளர் முன்பு ஸ்பின்னிங் மில் வைத்திருந்தவர். நல்ல மனிதர் என்று பெயர். அவர் பொற்கொடியை நிற்கவைத்துப் பேசவில்லை. உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார்.

"சொல்லுங்கம்மா."

அவள் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டார்.

"நீங்க சொல்றது நூத்துக்கு நூறு நாயமுங்க. பாக்கலாமுங்க."

எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே மறுக்கமாட்டார்கள். பாக்கலாமுங்க என்பார்கள். கேட்டவர் புரிந்துகொண்டு கும்பிட்டுவிட்டு எழுந்து போகவேண்டும். அந்த வீட்டுப் படி இறங்கும்போதுதான் மறுத்துவிட்டார்கள் என்பது உறைக்கும். பொற்கொடியும் இந்தப் பக்கத்துக்காரிதான், அந்த வழக்கம் தெரியாதவள் அல்ல. அன்று தெரியாதவள் போல இருந்தாள்.

"ரொம்ப சந்தோசமுங்க. பாத்துட்டுச் சொல்லுங்க. நான் வெளிய உக்காந்திருக்கறேனுங்க."

"இல்லம்மா, நாங்க யோசிச்சு..."

"யோசிங்க சார். அவசரமில்லீங்க. நான் லீவுதான்."

வெளியே வராந்தாவில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்துகொண்டாள். அவரால் போகச் சொல்ல முடியவில்லை. போ என்று சொல்வதும் மறுப்பதுதானே.

பெஞ்சுக்கு எதிரே ஒன்றாம் வகுப்பு. ஜன்னல் திறந்திருந்தது. அவள் வேடிக்கை பார்க்க வரவில்லை, ஆனால் வேறு பார்க்க எதுவுமில்லை. சுத்தமான வகுப்பு. சுவரில் படங்கள், மேலே ஓடும் ஃபேன், எல்லாக் குழந்தையும் ஷூ போட்டிருந்தது. பாட்டு பாடினார்கள், கணக்கு சொன்னார்கள். அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. யுவஸ்ரீயை எந்தப் பெஞ்சில் உட்காரவைப்பார்கள் என்றுகூட யோசித்தாளாம்.

அந்த வகுப்பில் கிளாடிஸின் மகன் ஜெஃபின் இருந்தான். கொஞ்ச நேரத்தில் அவன் எழுந்து நின்றான்.

"மிஸ், ஒண்ணுக்கு."

"இங்கிலீஷ்ல கேளு" என்றாள் டீச்சர். திட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். இளம் பெண், இருபத்திரண்டு இருபத்துமூன்று இருக்கும்.

ஜெஃபின் வாயைத் திறந்தான். வரவில்லை.

"நேத்துச் சொன்னேல்ல? எல்லாரும் அவனுக்குச் சொல்லிக் குடுங்க."

வகுப்பு முழுவதும் சேர்ந்து, "மே ஐ கோ டு டாய்லெட் மிஸ்" என்று பாட்டுப் போலச் சொன்னது. ஜெஃபின் "மே ஐ" என்றான். பிறகு நின்றுவிட்டான். டீச்சர் காத்திருந்தாள். பிள்ளை கால் மாற்றிக் கால் நின்றது. கடைசியில் அங்கேயே போய்விட்டது.

பொற்கொடி எழுந்து உள்ளே போனாள். டீச்சரிடம் ஒன்றும் கேட்கவில்லை. பையனைக் கையைப் பிடித்துக் குழாய்க்குக் கூட்டிப்போய்க் கால் கழுவிவிட்டாள். டீச்சர் பின்னாலேயே ஓடி வந்தாள். "ஸாரிங்க. தமிழ்ல கேட்டா உடக்கூடாதுன்னு ரூல்ஸுங்க. நான் விட்டா என்னைக் கேப்பாங்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவளும் சம்பளக்காரிதான்.

"அத்தை, அம்மாகிட்டச் சொல்லிராதீங்க" என்றான் ஜெஃபின்.

"இதுல உனக்கென்னடா வெக்கம்" என்றாள் பொற்கொடி.

அதற்குள் தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் யோசித்து முடித்திருந்தார், அல்லது ஜன்னல் வழியே பெஞ்சைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருந்தார்.

"அம்மா, ரூட்டை மாத்துனா மத்த பேரண்ட்ஸ் சங்கடப்படுவாங்க. அதையும் நாம பாக்கோணுமில்லீங்களா?"

"பாக்கோணுமுங்க. எங்க தெருவுல ஏழு புள்ளைங்க. எம் புள்ளையோட எட்டு. நாங்க எல்லாரும் சேந்து பேசிட்டோமுங்க. வேன் வரலீன்னா புது ஸ்கூலுக்கு மாத்திக்கறோம். அவங்க வேன் தெருவுக்குள்ளயே வந்து திரும்பிப் போச்சுங்க, கம்பமெல்லாம் எடுத்தாச்சு. நீங்க சங்கடப்பட வேண்டாமுங்க சார்."

அவரும் மில் நடத்தியவர். எட்டு என்பது எத்தனை என்று அவருக்குத் தெரியும்.

"ஜூன்ல இருந்து வரச் சொல்லீர்றேனுங்க."

"மொதல்ல வரோணுங்க. வழியில எது மொதல்ல இருக்குதோ அது மொதல்ல."

"சரிங்கம்மா. பாப்பா பேரு என்ன? சீட்டு எடுத்து வெக்கச் சொல்றேன்."

"யுவஸ்ரீங்க" என்றாள். அப்போது வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

தெருவில் அன்று பொற்கொடிக்கு ஏகப்பட்ட மரியாதை. எழில் அவன் கட்சி ஆட்களிடம் பொற்கொடியைத் தன் அண்ணி என்று சொல்லிக்கொண்டான். அதுவரை கௌதமனின் சம்சாரம் என்றுதான் சொல்வான். கௌதமன் பரோட்டா வாங்கி வந்தான்.

பொற்கொடி எதிர்வீட்டுக்குப் போய் ஜெஃபின் விஷயத்தைக் கிளாடிஸிடம் சொன்னாள். பையன் கேட்டுக்கொண்டதை மீறித்தான் சொன்னாள். அவனுக்கு அதில் வெட்கப்பட எதுவுமில்லை என்பதை அவன் அம்மாதான் அவனுக்குச் சொல்லவேண்டும்.

கிளாடிஸ், "அன்னாடும் சொல்லிக் குடுக்கறேன் அக்கா. மறந்துர்றான்" என்றாள்.

"அஞ்சு வயசுப் பையன். ஒண்ணுக்கு முட்டிட்டு நிக்கறப்ப உனக்கும் எனக்குமே பேச்சு வராது."

"அதெல்லாஞ் செரி. எங்க கம்பெனிக்கு வெளிநாட்டுக்காரங்க வந்தா, எனக்கு வேலை எல்லாந் தெரியும், பதில் சொல்லத் தெரியாது. நேத்து வந்த புள்ள நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசிச் சூப்பர்வைசரா நிக்குது. நான் இன்னும் செக்கிங்லயே நிக்கறேன். எம் பையன் நிக்கக்கூடாது. நனைச்சா நனைக்கட்டும், துவைச்சுக்கலாம்."

கிளாடிஸ் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்று பொற்கொடி என்னிடம் கேட்டபோது எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். வயிற்றுவலி, நீர்க்கடுப்பு என்று என்னிடம் வந்த பெண்பிள்ளைகளில் நிறையப் பேர் பள்ளியில் தண்ணீரே குடிக்காதவர்கள். குடித்தால் போகவேண்டும், போகவேண்டுமென்றால் கேட்கவேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் அதில் உண்டு, அங்கே கேட்கலாம், ஆனால் கக்கூசு சரியிருக்காது. எந்தப் பள்ளி என்று பார்ப்பதைவிட அங்கே பிள்ளை எப்படி இருக்கும் என்று பார் என்றேன்.

"அப்ப இங்கயும் ஒரு நாள் உக்காந்து பாக்கறேனுங்க" என்றாள்.

சொன்னபடி ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்குப் போனாள். தலைமையாசிரியை ரம்லா. பத்து வருஷமாக அங்கே இருக்கிறார். வராந்தாவில் உட்காரலாமா என்று யாரும் அவரிடம் அதுவரை கேட்டதில்லை.

"இன்ஸ்பெக்சனுங்களா?" என்று சிரித்தார்.

"ஆமாங் டீச்சர்" என்று பொற்கொடியும் சிரித்தாள்.

ஒன்றும் இரண்டும் ஒரே அறையில், ஒரே டீச்சர். டீச்சர் இரண்டாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தங்களுக்குள் கதைப் புத்தகம் படித்தன, பாதி சண்டையும் போட்டன. காலையில் பள்ளியிலேயே பொங்கலும் சாம்பாரும் சாப்பிட்ட தெம்பு. ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், போய்ட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடியது. டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொற்கொடி அந்தப் பிள்ளையின் பின்னாலேயே எழுந்து போனாள்.

கழிப்பறையில் தண்ணீர் வந்தது. கதவில் தாழ்ப்பாள் இல்லை. ஒரு பிள்ளை உள்ளே போனால் இன்னொரு பிள்ளை வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொண்டது.

"தாழ்ப்பா இல்லீங்களே டீச்சர்."

"எழுதிப் போட்டிருக்குதுங்க. வரும்."

"எப்பங்க?"

ரம்லா டீச்சர் மறுபடி சிரித்தார், இந்த முறை கொஞ்சம் சங்கடமாக.

இரண்டு பள்ளியையும் பார்த்தாகிவிட்டது. அன்று மாலை பொற்கொடி கௌதமனிடம் முடிவைச் சொன்னாள். யுவஸ்ரீ ஒன்றியப் பள்ளிக்குத்தான் போகும்.

கௌதமன் முதலில் வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்தான். பிறகு சத்தம் எதிர்வீடு வரை கேட்டது.

"பைத்தியமாடி உனக்கு? கட்சிக் கம்பத்தைப் பேத்து வெச்சேன். ஊர்ல அத்தனை பேரும் என்னைத்தான் பாக்கறான். வேனைக் கொண்டு வந்துட்டு, நம்ம புள்ளைய ஏத்தலீன்னா என்னன்னு கேப்பாங்க?"

"வேன் வரோணும்னு கேட்டேன். வருது. அது ஏழு புள்ளைக்கும் வருதுங்க."

"எங்கம்மா அவங்க காட்டுல களை வெட்டுனவ. ஓரமா நின்னு தண்ணி வாங்கிக் குடிச்சவ. எம் புள்ள அவங்க புள்ளைக்கு முன்னால ஏறி முன்சீட்டுல உக்காந்து போகோணும். நான் அதைப் பாக்கோணும்."

இதைச் சொன்னபோது அவன் குரல் கீழே இறங்கிவிட்டதாம். பொற்கொடி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பாக்கலாமுங்க. எனக்கும் அந்த ஆசை இருந்துச்சு. இல்லீன்னா அங்க போய் அத்தனை நேரம் உக்காந்திருப்பனா? ஆனா வேன்ல போறது காலைல கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம். மீதி நேரம் புள்ள அந்த ரூமுக்குள்ள இருக்கோணும். நம்ம புள்ள கூச்சக்காரி. தண்ணி வேணும்னாக் கூட என் முந்தானையப் புடிச்சு இழுக்குமே தவிர வாயத் தொறக்காது. அது அங்க போய் இங்கிலீஷ்ல கேட்டு ஒண்ணுக்குப் போகுமா?"

"பழகிக்கும்."

"பழகிக்கும். அடக்கிப் பழகிக்கும்."

கௌதமன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"முன்ன, வேன் வராததுனால கவர்மெண்ட் ஸ்கூலுக்குப் போனான்னு இருந்திருக்கும்" என்றாள் பொற்கொடி. "இப்ப அப்படி யாரும் சொல்ல முடியாது. வேன் வாசல்ல வந்து நிக்கும். நாம வேண்டாங்கறோம். நாமளாப் பாத்து வேண்டாங்கறோம்."

"ஒரே ரூமுல ரெண்டு கிளாஸுன்னே?"

"ஆமாங்க. அது கொறைதான். நான் இல்லீங்கல. ராத்திரி நான் உக்காந்து படிக்க வெக்கறேன். இங்கிலீஷுக்கு வழி பாக்கோணும். நீங்க மொதல்ல ஒரு தாழ்ப்பாள் வாங்கிக் குடுங்க."

"எதுக்கு?"

"கக்கூசுக் கதவுக்கு."

கௌதமன் ஒரு வாரம் அவளுடன் சரியாகப் பேசவில்லை. ஆனால் தாழ்ப்பாள் வாங்கினான். சனிக்கிழமை போய் அவனே மாட்டிக் கொடுத்தான். நல்ல கெட்டித் தாழ்ப்பாள். அவன் நெஞ்சு உயரத்துக்கு மாட்டியிருந்தான். திங்கட்கிழமை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் கதவுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தன. அவன் மறுபடி போய், முட்டிபோட்டு உட்கார்ந்து, கழற்றிக் கீழே மாட்டினான். அப்போது யாரோ ஒரு பிள்ளை, "நல்லாக் கெட்டியா மாட்டுங்க மாமா" என்று மேற்பார்வை பார்த்ததாம். அன்றுதான் அவன் கொஞ்சம் சிரித்தான்.

ஜூனில் பள்ளி திறந்தது. வேன் காலனிக்குள் வந்தது. தெருவே வாசலில் நின்றது. எழில் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தான். வெள்ளியங்கிரி தேர் ஓட்டுகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஜெஃபின், யஷ்வந்த், மற்ற பிள்ளைகள் எல்லாம் ஏறி, எந்தச் சீட்டில் உட்காருவது என்று தெரியாமல் ஒவ்வொன்றாக மாறி மாறி உட்கார்ந்து பார்த்தார்கள். முன்னால் இத்தனை காலியிடத்தை அவர்கள் பார்த்ததில்லை.

ஊருக்குள் முதல் வீட்டில் ஒரு அம்மா வேனுக்குள் எட்டிப் பார்த்து, "எம் பையன் எப்பவும் ஜன்னலோரந்தானுங்களே உக்காருவான்?" என்றாராம்.

"உக்காரட்டுமுங் அம்மணி. அந்தப் பக்கம் ஜன்னல் காலியாத்தான் இருக்குது" என்றாராம் வெள்ளியங்கிரி. பின்பக்க ஜன்னலைக் காட்டித்தான் சொன்னார்.

இரண்டு வீட்டார் பிள்ளைகளை அதே பள்ளியின் வேறு வேனுக்கு மாற்றினார்கள். அது சுற்றிப்போகிற வேன், பிள்ளைகள் சீக்கிரம் எழவேண்டியிருந்தது. ஆடி முடிவதற்குள் திரும்பி வந்துவிட்டார்கள். எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று நான் எழுதமாட்டேன். வேன் காலனிக்குள் வருகிறது, அவ்வளவுதான் மாறியிருக்கிறது. அது சின்ன விஷயமல்ல.

யுவஸ்ரீ வேனில் ஏறாதது ஊருக்குப் பெரிய பேச்சாக இருந்தது. தறிக்குடோனில் ஒருத்தி கேட்டாள், "ஏன் பொற்கொடி, அத்தனை ஆட்டம் ஆடி வேன் கொண்டு வந்தே. கடைசீல உம் புள்ளைக்கு அந்த ஸ்கூல்ல எடங் கெடைக்கலையாக்கும்?"

"எடம் எடுத்து வெச்சிருந்தாங்கக்கா. எனக்குப் பிடிக்கல."

"உனக்கா பிடிக்கல?"

"ஆமாங்க்கா. எனக்கு."

கேட்டவள் தறிச் சத்தத்தில் சரியாகக் கேட்காதவள் போல இன்னொரு முறை கேட்டாளாம். பொற்கொடி இன்னொரு முறையும் அதையே சொன்னாள்.

யுவஸ்ரீ இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். பஸ்ஸில் போனால் கடைப் பலகைகளையெல்லாம் சத்தமாகப் படித்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தலைவலி கொடுக்கிறாள். இங்கிலீஷ் அவ்வளவாக இல்லை. கிளாடிஸ் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் ஜெஃபினை எதிர்வீட்டுக்கு அனுப்புகிறாள். அவன் பள்ளியில் படித்ததை யுவஸ்ரீக்குச் சொல்லிக்கொடுக்கிறான், அவள் அவனுக்குத் தமிழ் வாசித்துக் காட்டுகிறாள். பெரும்பாலும் இரண்டும் சண்டையில்தான் முடிகிறது. அந்தத் தனியார் பள்ளியில் இப்போதும் இங்கிலீஷில்தான் கேட்கவேண்டும். கிளாடிஸும் இன்னும் மூன்று அம்மாக்களும் போய்ப் பேசியிருக்கிறார்கள். தாளாளர் காபி கொடுத்து, பாக்கலாமுங்க என்றாராம். அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார்கள். மறுபடியும் போகப்போகிறார்கள்.

போன மாதம் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கௌதமனுக்கு அந்தப் பேச்சு இன்னும் தீரவில்லை. என் முன்னால் வைத்துக் கேட்டான்.

"அப்ப பிரைவேட்டே வேண்டாங்கறயா? நம்ம புள்ள கடைசி வரைக்கும் இங்கதானா?"

பொற்கொடி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை.

"ஆறாவது வரட்டும். அப்ப புள்ள எப்படி இருக்குதுன்னு பாப்போம். அந்த ஸ்கூலையும் பாப்போம், இந்த ஸ்கூலையும் பாப்போம். நீங்களும் ஒரு நாள் லீவு போட்டுட்டு வந்து உக்காருங்க."

"ரெண்டு எடத்துலயுமா?"

"ரெண்டு எடத்துலயுந்தான்" என்றாள்.